ஊக்கத்தை அளக்கும் தாள்

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. துணியை அளக்க முழம் உண்டு. உடலின் காய்ச்சலை அளக்கவும் ஒரு கருவி உண்டு. மாணவன் நெஞ்சில் இருக்கும் ஊக்கத்தை அளக்க என்ன உண்டு?

தாள் உண்டு என்கிறது கல்வியியல். இருபதோ முப்பதோ எண்பதோ வாசகங்கள். ஒவ்வொரு வாசகத்தின் எதிரிலும் ஐந்து கட்டங்கள். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று தொடங்கி 'சிறிதும் உடன்படவில்லை' என்று முடியும் வரிசை. மாணவன் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். குறிகளைக் கூட்டுகிறோம், ஓர் எண் வருகிறது. அந்த எண்ணே அவன் ஊக்கம் என்று எழுதி முடிக்கிறோம்.

நம் மன்றத்து நண்பர்களில் கல்வியியல் பயில்வோர் பலர். ஆய்வேட்டுப் பருவம் வந்ததும் இத்தகைய தாள்களைக் கட்டுக் கட்டாக அச்சடித்து எடுத்துக்கொண்டு பள்ளிகளுக்குப் புறப்படுவோர் அவர்கள். அவர்களுள் ஒரு சிலரேனும் மன்னார்க்காட்டிலிருந்து மலையேறி முக்காலி வழியாகவோ, கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகவோ அகளிக்குச் செல்லக்கூடும். அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன். தாளை எடுத்துச் செல்லாதீர் என்று சொல்வதற்கன்று. அதை முதலில் யார் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்வதற்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தாளின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். மனப்போக்கை எண்ணால் அளக்கும் எளிய முறையொன்றை 1932ஆம் ஆண்டில் அமெரிக்கர் ரென்சிஸ் லிக்கர்ட் வெளியிட்டார். ஐந்து கட்ட வரிசை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதன்பின் எத்தனையோ அளவுகோல்கள் பிறந்தன. 1992இல் கனடா நாட்டின் வேலரேண்டும் அவர் குழுவினரும் ஆங்கிலத்தில் வெளியிட்ட கல்வி ஊக்க அளவுகோல் 28 வாசகங்கள் கொண்டது. படிப்பில் உள்ள இன்பத்திற்காகப் படிப்பது, பிறர் தரும் பரிசுக்காகவோ அவர்கள் சொல்லுக்காகவோ படிப்பது, ஏன் படிக்கிறோம் என்றே தெரியாமல் வந்து போவது என்று ஊக்கத்தை அது வகைப்படுத்துகிறது. ஆசிரியர் தரும் ஆதரவையும் வகுப்பறையின் சூழலையும் அளக்க 1996இல் ஆஸ்திரேலியாவில் பிரேசரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு தாள் செய்தனர். கற்பித்தலின் தரத்தை மாணவரைக் கேட்டே மதிப்பிடும் தாளை 1982இல் ஹெர்பர்ட் மார்ஷ் அமைத்தார். ஊக்கம், ஆதரவு, கற்பித்தல் ஆகிய மூன்றுக்கும் மூன்று வகைத் தாள்கள்.

நம் நாடும் பின்தங்கவில்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பு, 2017ஆம் ஆண்டில் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தியபோது மாணவர் மனநிறைவு ஆய்வையும் அதில் சேர்த்தது. பள்ளிகளிலோ, தேசிய அடைவு ஆய்வு மாணவரின் மதிப்பெண்ணோடு நில்லாமல் அவர்களிடம் வினாத்தாளும் கொடுத்துப் பள்ளியைப் பற்றிக் கேட்டது.

கேட்பது நல்லது. மாணவனிடம் எதுவுமே கேளாமல், 'இவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து தீர்ப்பெழுதிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பது என்பது மூன்று செய்திகளைப் பொறுத்தது: எந்த மொழியில் கேட்கிறோம், யாரைக் கேட்கிறோம், எதைக் கேட்கிறோம். இந்த மூன்றையும் அகளியில் வைத்து உரைத்துப் பார்ப்போம்.

அகளி அட்டப்பாடியின் நடுநாயகம். அட்டப்பாடி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அன்றுமுதல் கேரளத்தில் இருக்கிறது. கிழக்கே கோவை, வடக்கே நீலகிரி. அகளி, புதூர், ஷோலையூர் என மூன்று ஊராட்சிகள். இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடியினர் ஏறத்தாழ 190 ஊர்களில் வாழ்கின்றனர். 1951ஆம் ஆண்டில் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பங்கினர் அவர்களே. பின்னர் மலையாளம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் குடியேறக் குடியேற, இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. பள்ளியில் மலையாளம் உண்டு; தமிழ் வழி வகுப்புகளும் உண்டு. ஆனால் இருளர் வீட்டில் பேசுவது இருள மொழி. அது தமிழுக்கு மிக நெருங்கிய உறவினள், ஆனாலும் தமிழன்று. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973இல் அம்மொழிக்குத் தனி நூலே எழுதினார். முடுகருக்கும் குறும்பருக்கும் அவரவர் பேச்சு வேறு.

இனி நம் தாளை எடுப்போம். ஏழாம் வகுப்பில் இருளர் சிறுமி ஒருத்தி அமர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கையில் நாம் கொடுக்கும் தாள் கனடாவில் பிரெஞ்சு மொழியில் பிறந்து, ஆங்கிலம் பேசக் கற்று, அங்கிருந்து மலையாளத்திற்கோ தமிழுக்கோ வந்த தாள். 'கற்றல் செயற்பாடுகளில் ஈடுபடும்போது நான் உள்ளார்ந்த மனநிறைவு எய்துகிறேன்' என்று அதில் இருக்கும். நம்மில் எத்தனை பேருக்கு அது ஒரே வாசிப்பில் விளங்கும்? அவளுக்கோ அது மூன்றாவது மொழி. போதாக்குறைக்கு, கவனமின்றிக் குறியிடுவோரைக் கண்டுபிடிக்க இடையிடையே எதிர்மறை வாசகங்களை வைப்பது தாள் செய்வோர் வழக்கம். 'ஆசிரியர் என் கருத்தைப் பொருட்படுத்துவதில்லை' என்று ஒரு வாசகம். எதிரே 'உடன்படவில்லை' என்று ஒரு கட்டம். இல்லைக்கு இல்லை போட்டு ஆம் என்று காண வேண்டும். கவனமற்றவனைப் பிடிக்க விரித்த வலையில் மொழி தெரியாதவள் விழுகிறாள். வலை விரித்தவரோ இருவரையும் ஒரே பெயரால் அழைக்கிறார்.

'எங்கள் தாளின் நம்பகத்தன்மையைக் கணக்கிட்டுவிட்டோம்' என்பர் சிலர். 1951இல் குரோன்பாக் என்பார் விளக்கிய ஆல்பா எண்ணைக் காட்டுவர். 0.8 வந்தது, 0.9 வந்தது என்பர். அந்த எண் சொல்வது என்ன? வாசகங்களுக்கு வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே. ஒருவன் தாளைப் படிக்காமலே எல்லாவற்றிற்கும் ஐந்தாம் கட்டத்தைக் குறித்து, இன்னொருத்தி எல்லாவற்றிற்கும் மூன்றாம் கட்டத்தைக் குறித்து, மற்றவரும் அவ்வாறே செய்தால் அந்த எண் உச்சத்தில் போய் நிற்கும்! கோணல் அளவுகோலும் பத்து முறை அளந்தால் பத்து முறையும் ஒரே அளவைத்தான் காட்டும். ஒரே அளவைக் காட்டுவது வேறு. சரியான அளவைக் காட்டுவது வேறு.

அடுத்த கேள்வி, யாரைக் கேட்கிறோம் என்பது. தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பர் 12இல் நாடெங்கும் ஏறத்தாழ 34 லட்சம் மாணவரிடம் நடந்தது. பள்ளிக்கு வருவது தங்களுக்கு விருப்பம் என்று 96 விழுக்காட்டினர் கூறியதாக அறிக்கை வந்தது. மகிழ்ச்சியான செய்தி! ஆனால் யார் அந்த 96 விழுக்காட்டினர்? அன்று பள்ளிக்கு வந்தவர்கள். வராதவர்களின் விருப்பத்தை யார் கேட்டார்? பந்தியில் அமர்ந்து உண்பவரிடம் 'சாப்பாடு கிடைத்ததா?' என்று கேட்டுவிட்டு, ஊரில் பசியே இல்லை என்று எழுதுவது போன்றதன்றோ இது?

அட்டப்பாடி போன்ற இடத்தில் இந்தப் பிழை சிறு பிழையன்று, முழுப் பிழை. அங்கே கல்வியின் துயரமே இடைநிற்றல்தான். ஆனவாய்க்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் குறும்பர் ஊர்ப் பிள்ளை விடுதியில் தங்கித்தான் மேல்வகுப்புப் படிக்க இயலும். விடுமுறைக்கு வீடு சென்றவன் திரும்பி வராவிட்டால், நம் தாள் அவனை ஒருநாளும் காணாது. ஆய்வாளர் வகுப்பறைக்குள் நுழையும்போது அங்கே இருப்பவர், எப்படியோ தாக்குப்பிடித்து நின்றவர். அவர்களை அளந்து, 'அட்டப்பாடி மாணவரின் ஊக்கம் இத்துணை' என்று தலைப்பிடுகிறோம். போனவன் ஏன் போனான் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

வந்திருப்பவரேனும் உள்ளதைச் சொல்வரா? தாளைக் கொடுப்பவர் ஆசிரியர். வாங்கி அடுக்குபவரும் ஆசிரியர். 'உங்கள் ஆசிரியர் உங்களுக்கு உதவுகிறாரா?' என்பது வினா. ஆசிரியர் அருகில் நின்றுகொண்டிருக்கிறார். எந்தக் குழந்தை 'இல்லை' என்று குறியிடும்? இது பழங்குடிப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. நானும் கல்லூரியில் படித்த நாளில் இத்தகைய தாளை நிரப்பியதுண்டு. பெயரும் வேண்டா, வகுப்பு எண்ணும் வேண்டா என்றார்கள். ஆனால் தாளை வாங்கிய கை, செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போடும் கை. எங்கள் வகுப்பில் அன்று எல்லா ஆசிரியரும் மிகச் சிறந்தவராகிவிட்டனர்.

மூன்றாவது கேள்விதான் முதன்மையானது. எதைக் கேட்கிறோம்?

பெரும்பாலான தாள்கள் குழந்தையின் நெஞ்சைத் தட்டிப் பார்க்கின்றன. உனக்கு ஆர்வம் உண்டா? உனக்கு இலக்கு உண்டா? உனக்கு விடாமுயற்சி உண்டா? எல்லாம் உனக்கு, உனக்கு, உனக்கு! ஊக்கம் என்பது ஒவ்வொருவனும் பிறக்கும்போதே கையில் கொண்டு வந்த சொத்து என்பது போலவும், சிலர் அதைத் தொலைத்துவிட்டனர் என்பது போலவும் நாம் கேட்கிறோம். ஆனால் ஊக்க ஆராய்ச்சியில் பெயர் பெற்ற டெசியும் ரையனும் சொன்னது வேறு. தன் விருப்பத்திற்கு இடம் உண்டு என்ற உணர்வு, தன்னால் இயலும் என்ற உணர்வு, தன்னை இங்கே வேண்டுவோர் இருக்கின்றனர் என்ற உணர்வு ஆகிய மூன்றும் கிடைக்கும் இடத்தில் ஊக்கம் தானே தழைக்கும். கிடைக்காத இடத்தில் வாடும் என்றனர். அஃதாவது, ஊக்கம் செடி, பள்ளி மண். செடி வாடியிருந்தால் செடியை மட்டுமா சோதிப்பது?

அந்த இருளர் சிறுமியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவள் பேசும் மொழியில் வகுப்பில் ஒரு சொல்லும் ஒலிப்பதில்லை என்றால், 'தன்னால் இயலும்' என்ற உணர்வு எங்கிருந்து வரும்? இருளர் விதைப்புக்குக் கூடும் கம்பளமும், மூப்பனும் குருதலையும் பண்டாரியும் மண்ணுக்காரனும் சேர்ந்து ஊரை நடத்தும் முறையும் அவள் பாடநூலில் எங்குமே இல்லையென்றால், 'என்னை இங்கே வேண்டுகின்றனர்' என்று அவள் எப்படி நம்புவாள்? அட்டப்பாடியின் நஞ்சியம்மா இருள மொழியில் பாடிய பாட்டுக்கு 2022இல் நாட்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது அறிவிக்கப்பட்டது. நாடே கைதட்டிய மொழி அது. அந்த மொழிக்கு வகுப்பறையில் மட்டும் நாற்காலி இல்லையென்றால், குறை யாருடைய ஊக்கத்தில்?

இதில் வெறும் புள்ளிவிவரப் பிழை மட்டுமே இருந்தால் நான் இத்தனை சொல்ல வேண்டியதில்லை. தாளில் விழும் எண்ணுக்குக் கால் முளைக்கிறது. 'பழங்குடி மாணவர் ஊக்கம் குறைந்தவர்' என்று ஓர் ஆய்வேடு எழுதினால், அடுத்த ஆய்வேடு அதை எடுத்துரைக்கிறது. மூன்றாவது ஏட்டில் அது உண்மையாகிவிடுகிறது. பிறகு அந்த ஊருக்கு ஆசிரியரை ஏன் அமர்த்தவில்லை, மழைக்காலத்தில் வண்டி ஏன் ஓடவில்லை, விடுதியில் ஏன் இடமில்லை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. 'அவர்களுக்கே நாட்டமில்லை, நாம் என்ன செய்வது?' என்று கையைக் கழுவிக்கொள்ளலாம். மாறாக 96 விழுக்காடு என்று எண் உயர்ந்தாலோ, 'எல்லாம் நலம், செய்ய ஒன்றுமில்லை' என்று கழுவிக்கொள்ளலாம். எண் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் கழுவப்படுவது பெரியவர் கை. காலியாக இருப்பது குழந்தையின் கை.

அப்படியானால் தாளையே கிழித்தெறிவோமா? வேண்டா. தாளை எறிந்துவிட்டால் மீண்டும் ஆசிரியர் அறைத் தீர்ப்புதான் மிஞ்சும். ஒழுங்காகக் கேட்ட தாள் அதிகாரத்தின் முன் வைக்கத்தக்க சான்று. ஏழைப் பிள்ளையின் வாய்மொழிக்குக் கிடைக்காத மதிப்பு எண்ணுக்குக் கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆகவே அளப்போம்; ஆனால் அளப்பவரையும் சேர்த்து அளப்போம்.

என் கருத்து இது. அகளிக்குச் செல்லும் தாளின் முதற் பக்கம் பள்ளியை அளக்கட்டும். அங்கே 'நீ எப்படி உணர்கிறாய்?' என்ற வினா வேண்டா, 'என்ன நடந்தது?' என்ற வினா வேண்டும். போன வாரம் எத்தனை நாள் கணக்குப் பாடம் நடந்தது? ஆசிரியர் உன்னைப் பெயர் சொல்லி அழைத்தாரா? விளங்கவில்லை என்று நீ சொன்னபோது வேறு வகையில் சொல்லித் தந்தாரா? உன் மொழி தெரிந்தவர் எவரேனும் பள்ளியில் உண்டா? நீ இரண்டு நாள் வராவிட்டால் தேடி வருவது யார்? இவை குழந்தைக்கு விளங்கும் வினாக்கள், கற்பனை தேவையில்லாத வினாக்கள், சரிபார்க்கத்தக்க விடைகள். இவற்றை அளந்த பிறகு இரண்டாம் பக்கத்தில் அவள் ஊக்கத்தைக் கேளுங்கள். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் எதனால் எது என்று புலப்படும்.

தாளை ஊராரோடு அமர்ந்து செய்ய வேண்டும். அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் போதாது. ஒவ்வொரு வினாவையும் அந்தப் பிள்ளைகள் நால்வரிடம் சொல்லி, 'இதற்கு உனக்கு என்ன பொருள் படுகிறது?' என்று கேட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அவள் மொழி பேசுபவரே வாசித்துக் காட்ட வேண்டும். இது இயலாத காரியமா? 2017இல் வயநாட்டில் 'கோத்ரபந்து' என்ற திட்டத்தின்கீழ்ப் பழங்குடி இளைஞர்களையே தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியராக அமர்த்தினார்கள். வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் பாலமாக நிற்பதே அவர்கள் பணி. பாலம் கட்ட ஆள் உண்டு எனில், ஒரு தாளை வாசித்துக் காட்டவா ஆள் கிடையாது?

'தரப்படுத்திய அளவுகோலில் சொற்களை மாற்றினால் பிற நாட்டு மாணவரோடு ஒப்பிட முடியாதே' என்று நண்பர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஒப்பிடுவதற்கு வேண்டியது ஒரே சொல்லா, ஒரே பொருளா? மான்ட்ரீல் மாணவனுக்கும் அகளிச் சிறுமிக்கும் ஒரே வாசகம் வெவ்வேறு பொருள் தந்தால், அந்த ஒப்பீடு படியையும் முழத்தையும் கூட்டிய கணக்காகவே முடியும்.

பள்ளிக்கு வெளியேயும் கேட்க வேண்டும். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் பள்ளி வாயிலில் காத்திருப்பதில்லை; வீட்டுக்குச் செல்கின்றனர். பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் போகாத பிள்ளையையும் ஒருவர் ஒருவராக அமர்த்திக் கேட்கின்றனர். அந்த வழியில் நாமும் ஊருக்குள் நடக்க வேண்டும். போனவனைக் கேட்டால்தான் இருப்பவனை எப்படிக் காப்பது என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. அட்டப்பாடி ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லாத நிலம். 2013இல் அங்கே குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டை உலுக்கியபோது குழுக்கள் வந்தன, கேட்டன, எழுதின. வருகிறவர் கேட்பதும் ஊரார் விடை சொல்வதும் அங்கே வழக்கமாகிவிட்டது. கேட்டுச் சென்றவர் திரும்பி வந்து, 'நீங்கள் சொன்னது இது. இதனால் விளைந்தது இது' என்று சொல்வதே அரிது. கேள்வி ஒரு கடன், நண்பர்களே! விடை வாங்கியவன் கடன்பட்டவன். ஆகவே ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கும் முன், அதே கல்வியாண்டிற்குள், அந்த ஊருக்குத் திரும்பிச் செல்லுங்கள். மூப்பனும் தாய்மாரும் பிள்ளைகளும் கூடிய இடத்தில், அவர்களுக்கு விளங்கும் மொழியில், கண்டதைச் சொல்லுங்கள். தவறு என்று அவர்கள் சொன்னால் அதையும் ஏட்டில் எழுதுங்கள். பள்ளி ஆசிரியருக்கும் ஒரு படி கொடுங்கள். அவரைப் பழிக்க அன்று, அவர் கேட்டு வாங்க வேண்டியதை அரசிடம் கேட்க அது அவருக்குத் துணையாகும் என்பதற்காக.

நம் மன்றம் இதற்கு ஒரு சிறு தொடக்கம் செய்யலாம். ஆய்வுக்கு மலையேறும் நண்பர் ஒவ்வொருவரும் தம் வினாத்தாளை முதலில் மன்றக் கூட்டத்தில் வைக்கட்டும். அதை நாமே ஒருமுறை நிரப்பிப் பார்ப்போம். நமக்கே விளங்காத வாசகத்தை அங்கேயே அடித்துவிடுவோம். திரும்பி வந்தபின், ஊரில் போய்ச் சொன்னீரா என்றும் கேட்போம்.

வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஊக்கம் உடையாரைப் போற்றுவது எளிது. ஊக்கம் தளர்ந்த பிள்ளையின் முன் நின்று, 'உன் ஊக்கத்தைத் தளர்த்தியது நாங்களா?' என்று கேட்பதுதான் கடினம். அந்தக் கேள்வி இல்லாத தாள் எத்தனை கட்டங்கள் உடையதாயினும் வெற்றுத்தாளே. அந்தக் கேள்வியோடு செல்வீராயின், அகளிச் சிறுமி உங்கள் பென்சிலைக் கையில் வாங்கிக்கொண்டு உண்மையைக் குறிப்பாள்.